தீபாவளிக்கு முதல் நாள் இரவு, 30 பேர் சாப்பாடு: எது கெட்டால் எங்கே பார்ப்பது

கோலாலம்பூரில் நம்மவர் பல வீடுகளில் பெரிய சாப்பாடு தீபாவளியன்று இல்லை, அதற்கு முதல் நாள் இரவுதான். முன்னோருக்குப் படையல் போட்டு, சூடம் காட்டி, அப்புறம் குடும்பம் மொத்தமும் உட்காரும். கிள்ளானிலிருந்து சித்தப்பா வீடு, ஈப்போவிலிருந்து பெரியம்மா வீடு, செந்தூலிலிருந்து மாமா வீடு என்று ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் 30 பேர் சேர்ந்துவிடுவார்கள்.

சமைப்பவர் பெரும்பாலும் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்தான். தினமும் 6 பேருக்குச் சமைக்கிறவர். அந்தச் சமையலை ஐந்தால் பெருக்கினால் 30 பேர் சமையல் வந்துவிடும் என்று நினைக்கும்போதுதான் தகராறு தொடங்குகிறது. பெரிய சட்டியில் தண்ணீர் அதே விகிதத்தில் ஆவியாகாது. குழம்பு அதே வேகத்தில் ஆறாது. கேஸ் தோம்பும் (சிலிண்டர்) சுவிட்ச் பெட்டியும் அந்த வேலைக்குத் தயாராக இருக்காது. கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் முக்கால்வாசி கைப்பக்குவத்தால் வருவதில்லை, அளவால் வருகிறது. சமையல் வரிசைப்படி எழுதவில்லை. அன்று மாலை உறவுக்காரர்கள் போன் போட்டு எதை அதிகம் கேட்பார்களோ அந்த வரிசை.

உப்பு கூடிவிட்டது, அல்லது உப்பே இல்லை

இது ஏன் முதலிடம் என்றால், படையலுக்கு முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. தினமும் நாக்கை நம்பிச் சமைப்பவரிடம் அந்த ஒரு நாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறோம், அதுவும் சட்டி ஐந்து மடங்கு பெரிதாக இருக்கும் நாளில்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: உப்பு போட்டது யார்? அடுப்படிக்கு வரும் ஒவ்வொரு அத்தையும் "அண்ணி, உப்பு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஒரு கை போடுவார். கூடிப்போன உப்பில் பாதி இப்படி வந்ததுதான். உப்பு ஜாடியை ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் அவரைத்தான் கேட்க வேண்டும்.

கூடிப்போன குழம்புக்கு உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியாக உறிஞ்சி எடுக்காது. குழம்பைத்தான் குடிக்கும், அதிலுள்ள உப்போடு. நிறையக் கிழங்கு போட்டால் அளவு கூடுவதால் கொஞ்சம் சமனாகும், அவ்வளவுதான். சரியான வழி, குழம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உப்பில்லாமல் வெங்காயம் தக்காளி வதக்கி மசாலா போட்டுக் கொதிக்கவைத்துச் சேர்ப்பது. எடுத்து வைத்ததை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், காலையில் தோசைக்கு நீட்டிக்கொள்ளலாம். நேரமே இல்லையா? சோற்றை உப்பில்லாமல் வடியுங்கள். தட்டில் இரண்டும் சேரும்போது பாதிப் பேருக்குத் தெரியாது.

குறைந்துபோனது தெரிந்தால், படையல் முடிந்தபின் உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். கல் உப்பை அப்படியே பெரிய சட்டியில் வீசினால் ஒரு மூலையில் கரிக்கும், மறு மூலை சப்பென்றிருக்கும். கறித்துண்டுக்குள் உப்பு ஏற இன்னும் கால் மணி நேரம் சிறுதீயில் இருக்க வேண்டும்.

இந்த ஒரு நாளைக்கு உப்பை நிறுத்துப் போடுவதே என் கட்சி. முடிந்த குழம்பு ஒரு கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் உப்பு. தட்டையான ஒரு டீஸ்பூன் தூளுப்பு ஏறக்குறைய 6 கிராம். 8 கிலோ குழம்புக்கு 65 கிராமில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் படையலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடை மசாலா என்றால் பொட்டலத்தின் பின்புறம் படியுங்கள், சிலவற்றில் உப்பு ஏற்கெனவே இருக்கும். பாட்டி பார்த்தால் தராசு வைத்துச் சமைக்கிறாயா என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எத்தனை விசில் விட்டாலும் ஆட்டிறைச்சி வேகவில்லை

மூன்று இடங்களில் பாருங்கள்.

ஒன்று, உறைந்த இறைச்சி. வெளிநாட்டு ஆட்டிறைச்சியை உறைந்த கட்டியாக வாங்கி, காலையில் சிங்கில் போட்டு, மத்தியானம் சட்டியில் தள்ளினால் நடுத்துண்டுகள் இன்னும் பனிக்கட்டிதான். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்க, இரண்டு இரண்டரை கிலோ கட்டிக்கு ஒரு முழு நாள் ஆகும். 5 கிலோ ஒரே கட்டியாக இருந்தால் இரண்டு நாள் முன்பே இறக்க வேண்டும்.

இரண்டு, ஒரே சட்டியில் ஐந்து கிலோ. குளிர்ந்த கறி அவ்வளவும் ஒரே நேரத்தில் விழுந்தால் எண்ணெயின் சூடு அடங்கிவிடும், கறி தண்ணீர் விடும், வதங்க வேண்டியது அவியத் தொடங்கும். நிறமும் வராது, வாசனையும் வராது. மூன்று தடவையாக வதக்குங்கள். குக்கரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அதற்கு மேல் போனால் ஆவிக்கு இடமில்லை, மசாலா வால்வில் ஏறி அடைக்கும்.

மூன்று, குக்கரே. விசில் வரவில்லை, மூடியின் ஓரத்தில் ஆவி கசிகிறது என்றால் உள்ளே அழுத்தம் ஏறவில்லை. ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் வெளியே வரும் பெரிய குக்கரில் அது காய்ந்து விறைத்திருக்கும். தண்ணீரில் நனைத்துத் திருப்பிப் போட்டால் சில சமயம் பிடித்துக்கொள்ளும். வெடிப்பு தெரிந்தால் புதுசு வாங்காமல் வேலைக்காகாது. ஒரு வாரம் முன்பே வெறும் தண்ணீர் வைத்து விசில் விட்டுப் பார்த்துவிடுங்கள்.

இறைச்சி ஏன் கெட்டியாக இருக்கிறது? அதிகம் நடந்த ஆட்டின் தொடையிலும் முன்னங்காலிலும் இணைப்புத் திசு அதிகம். அது கரைய நேரமும் ஈரச் சூடும் வேண்டும். தீயைக் கூட்டினால் கரையாது. விருந்தாளிகள் வாசலில் நிற்கும் நேரத்தில் கண்டுபிடித்தால், கறியை மட்டும் அள்ளி, கொஞ்சம் சூடான குழம்போடு இரண்டு குக்கரில் பிரித்து இன்னும் 15 நிமிடம் வையுங்கள். அதற்குள் முதல் பந்தியைக் கோழிப் பெரட்டலோடு உட்காரவைத்துவிடலாம். மட்டன் இரண்டாம் பந்திக்குத்தான் என்று அறிவித்தால், முதல் பந்தியில் இடம் பிடிக்க நடக்கும் அடிதடியும் அடங்கும்.

பப்பாளிக்காய் அரைத்துப் போடுவது வேலை செய்யும். ஆனால் முதல் நாள் இரவே ஊறவைத்தால் மேல்புறம் மாவாகிவிடும், உள்ளே அப்படியே இருக்கும். கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, அரை மணி நேரம், போதும்.

வாங்கும்போது ஒரு வார்த்தை. புரட்டாசி விரதம் முடிந்து சில நாளிலோ சில வாரத்திலோ தீபாவளி வந்துவிடுகிறது. அதுவரை கறி தொடாதவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இறைச்சிக் கடைக்கு வருகிறார்கள். சௌகிட் சந்தையிலோ பக்கத்துப் பசாரிலோ உள்ளூர் ஆடு வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்து, குழம்பு வெட்டு என்று தெளிவாகக் கேளுங்கள். எலும்போடு 5 கிலோ மட்டனும் 5 கிலோ கோழியும் 30 பேருக்குத் தாராளம்.

சோறு மேலே அரிசி, கீழே கஞ்சி

3 கிலோ பாசுமதி. ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்று வீட்டில் பழக்கம், அப்படியானால் மூன்று கிலோவுக்கு நாலரை லிட்டர் என்று கணக்குப் போடுவீர்கள். அங்கேதான் குழைகிறது. சட்டி பெரிதானாலும் வாய் அதே அளவுக்குப் பெரிதாவதில்லை, ஆவியாகும் தண்ணீர் விகிதத்தில் குறைவு. அரை மணி நேரம் ஊறிய அரிசி என்றால் 4 லிட்டரில் தொடங்குங்கள். குறைந்தால் வெந்நீர் தெளிக்கலாம், கூடினால் எடுக்க முடியாது.

மேலே வேகாமல் நின்றால் கிளறாதீர்கள். கிளறினால் கீழே உள்ள கஞ்சி மேலே வந்து மொத்தமும் போகும். கொதிநீர் ஒரு கோப்பை தெளித்து, ஈரத்துணியை மேலே விரித்து, மூடி போட்டு, அடியில் தோசைக்கல் வைத்துக் குறைந்த தீயில் 15 நிமிடம்.

அடி பிடித்த வாசனை வந்துவிட்டதா? தீயை அணைத்து, கரண்டி அடிவரை போகாமல் மேற்சோற்றை அகலமான தட்டுகளில் அள்ளுங்கள். அடியைச் சுரண்ட ஆசைப்பட்டவர் கையில் மொத்தச் சோறும் கருகல் வாசனையாகிவிடும்.

முழுதும் குழைந்துபோனது தயிர் சாதம். வேறு விவாதம் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், நெய்ச்சோறு 30 பேருக்கு ஒரே சட்டியில் வைப்பதில் ஒரு பெருமையைத் தவிர வேறு லாபம் இல்லை. வழக்கமான பெரிய ரைஸ் குக்கர் 10 கப் பிடிக்கும், அந்தக் கப்பில் ஒன்று ஏறக்குறைய 150 கிராம் அரிசி. ஆக ஒரு குக்கருக்கு ஒன்றரை கிலோ. பக்கத்து வீட்டில் இன்னொன்று இரவல் வாங்கினால் 3 கிலோ முடிந்தது, தாமதமாக வருகிறவர்களுக்குச் சூடாகவும் இருக்கும்.

அடுப்புத் தீ சிறுத்துக்கொண்டே போகிறது

கேஸ் தீர்ந்துவிட்டது என்று உடனே கடைக்குப் போன் போடாதீர்கள். தோம்பைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று, மேலே வியர்த்திருக்கிறதா? அப்படியானால் உள்ளே கேஸ் இருக்கிறது. திரவம் வாயுவாக மாறச் சூடு வேண்டும், அதைத் தோம்பின் சுவரிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. பெரிய பர்னர் இரண்டு மணி நேரமாக உறிஞ்சினால் தோம்பு குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, தீ சிறுக்கும். ஓர் அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள், திரும்ப வரும். தோம்பைப் படுக்க வைப்பதும், கொதிநீர் ஊற்றுவதும் வேண்டாம். படுக்க வைத்தால் வாயு போக வேண்டிய குழாயில் திரவம் போகும், அது விளையாட்டில்லை.

வியர்க்கவில்லை, தூக்கினால் லேசாக இருக்கிறது என்றால் தீர்ந்துதான் விட்டது. முந்தின வாரமே தெரிய வேண்டுமா? வெறும் தோம்பின் எடை அதன் உடம்பிலேயே போட்டிருக்கும், எடைபார்க்கும் கருவியில் ஏற்றிக் கழித்துப் பாருங்கள். 14 கிலோ தோம்பில் 3 கிலோதான் மிச்சம் என்றால் மாற்றுத் தோம்பு வீட்டில் இருக்க வேண்டும். பண்டிகைக்கு முதல் நாள் மாலை கேஸ்காரர் வரும் நேரத்தை நம்ப முடியாது.

தீ மஞ்சளாக எரிந்து சட்டியின் அடி கருத்தால், பருப்புத் தண்ணீர் பொங்கி பர்னர் துளையை அடைத்திருக்கும். ஆறவிட்டுக் குச்சியால் குத்திவிடுங்கள்.

வெளியே பின்புறத்தில் பெரிய அடுப்பு வைப்பவர்கள்: அதற்கான உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டடுப்புக்கு மாட்டக் கூடாது. மாற்றி மாட்டும் யோசனை எந்த மாமாவுக்கு வந்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

பட்டென்று கரண்ட் போனது

சுவிட்ச் பெட்டியைத் திறந்து, கீழே விழுந்திருப்பது எது என்று பாருங்கள். அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

சின்ன சுவிட்சுகளில் ஒன்று மட்டும் விழுந்திருந்தால், அந்தச் சுற்றில் சுமை கூடிவிட்டது. தண்ணீர் சூடாக்கும் கெட்டில், ஏர் ஃப்ரையர், ரைஸ் குக்கர் மூன்றும் அடுப்படிச் சுவரில். அவற்றில் ஒன்றை முன்னறைக்கு மாற்றுங்கள். நம்ம ஊர் 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறக்குறைய 3000 வாட் தாங்கும். கெட்டில் ஒன்றே 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும். இவ்வளவையும் ஒரே நீட்டிப்பு வயரில் சொருகி, வயர் சூடாகிறதா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

சோதனைப் பொத்தான் உள்ள அகலமான சுவிட்ச், அதுதான் ஆர்சிசிபி, அது விழுந்திருந்தால் கதை வேறு. எங்கோ மின்சாரம் கசிகிறது. எல்லா பிளக்கையும் கழற்றி, சுவிட்சை ஏற்றி, ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. தீபாவளி சமயத்தில் எனக்கு முதல் சந்தேகம் வாசலில் தொங்கும் தோரண விளக்கு மேல்தான். அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் மாலை இடிமழை வழக்கம். போர்ட்டிகோவில் நீட்டிப்பு வயரின் தலை தரையில் கிடக்கும், தண்ணீர் ஓடி வரும். இடி விழுந்த அதிர்ச்சியில் மட்டும் விழுந்திருந்தால், ஏற்றினாலே நின்றுவிடும். எல்லாம் கழற்றியும் நிற்கவில்லையென்றால் வீட்டு வயரிங்கில் கோளாறு. மின்பணியாளர் வரட்டும், திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள்.

பக்கத்து வீடும் இருட்டா? 15454-க்கு அழையுங்கள், அது மின்சார நிறுவனமான டிஎன்பியின் எண்.

தேங்காய்ப்பால் திரிந்து திரிதிரியாக நிற்கிறது

தீ அதிகம், அல்லது புளிப்புக்கு மேல் பால் விழுந்தது. கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். திரிந்ததை முழுதாகத் திருப்ப முடியாது. ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்து விட்டால் பார்வைக்குச் சேர்ந்துகொள்ளும், ருசியில் குறை இல்லை. சந்தையில் பிழிந்த பாலை மத்தியானம் முழுக்கக் காருக்குள் வைத்திருந்தீர்கள் என்றால் அது திரிந்ததல்ல, கெட்டது. முகர்ந்தாலே தெரியும்.

30 பேரைக் கூப்பிட்டோம், 38 பேர் வந்தார்கள்

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டவர்களை மட்டும் எண்ணினால் இப்படித்தான். பெரியம்மா வருகிறார் என்றால் அவர் மருமகன் வீட்டாரும் வருகிறார்கள் என்று பொருள்.

குழம்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில், தானே எடுத்துக்கொள்ளும் முறையை நிறுத்திவிட்டு, கறிக்கு மட்டும் ஒருவரைக் கரண்டியோடு நிறுத்துங்கள். சோறும் பருப்பும் ரசமும் எவ்வளவு வேண்டுமானாலும், கறி ஒரு கரண்டி. மனது சங்கடப்படும்தான், இரண்டாம் பந்திக்கு வெறும் குழம்பு போடுவது அதைவிடச் சங்கடம். அடுத்து, 30 முட்டைத் தட்டு ஒன்றும் சாடின் (மத்தி மீன்) டின்களும் வீட்டில் இருந்தால் 20 நிமிடத்தில் இரண்டு சம்பல் தயார். பிள்ளைகள் மட்டனை விட்டுவிட்டு அதைத்தான் கேட்பார்கள். கடைசி வழி மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) ரொட்டி சானாய். பண்டிகை நேரத்தில் வாழையிலைக் கடைகள் பல மூடியிருக்கும், மாமாக் திறந்திருக்கும்.

மணி எட்டரை, ஈப்போக்காரர்கள் இன்னும் நெடுஞ்சாலையில்

படையல் நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரைக்கு ஊசி போடுகிற பெரியவர்கள் ஒரு கூட்டத்தில் எப்படியும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் பந்தி. "மாமா, நீங்க உட்காருங்க, அவங்க வந்ததும் நான் கூட உட்கார்ந்துக்கிறேன்" என்றால் மறுக்கமாட்டார்.

அப்பளத்தை முன்கூட்டிப் பொரிக்காதீர்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் அரை மணியில் துவண்டுவிடும். வடை மாவில் உப்பும் வெங்காயமும் பொரிப்பதற்கு முன்தான், முன்பே போட்டால் நீர்விட்டு எண்ணெய் குடிக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்

சாம்பாரில் குற்றமில்லை. மட்டன் கரண்டி சாம்பார் சட்டிக்குள் நிற்கிறது, போய்ப் பாருங்கள். மேசையில் சைவத்தை வேறு பக்கம் வையுங்கள், கரண்டி வேறு நிறத்தில். ஒரே எண்ணெயில் கோழி பொரித்த பிறகு அப்பளம் பொரித்ததைப் பிள்ளைகள் உளறிவிடுவார்கள், ஆகவே அதையும் வரிசை மாற்றிச் செய்யுங்கள்.

தீபாவளி காலையில் குழம்பு நுரைத்திருக்கிறது

6 பேர் குழம்பு அடுப்பு மேலேயே ஆறிவிடும். 10 லிட்டர் சட்டி மூடி போட்டு வைத்தால் நடுவில் விடியும்வரை வெதுவெதுப்பு, கிருமி பெருக அதைவிட வசதி கிடையாது. பருப்பும் தேங்காய்ப்பாலும் முதலில் போகும். மிஞ்சிய சோறும் அப்படித்தான், கெட்டது வெளியே தெரியாமலே கெடும். மறுபடி கொதிக்கவைத்தால் கிருமி சாகலாம், அது விட்டுப்போன நஞ்சு சில வகையில் சூட்டுக்கு அசையாது. நுரைத்ததைக் கொட்டுங்கள், மட்டன் விலையை நினைக்காதீர்கள்.

இரவே செய்ய வேண்டியது, கடைசிப் பந்தி எழுந்ததும் மிச்சத்தை நாலு விரல் ஆழத்துக்கு மேல் போகாமல் அகலப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைப்பது. இடமில்லை என்பீர்கள். பாட்டில்களை வெளியே எடுத்து, ஐஸ் போட்ட கூலர் பெட்டியில் தள்ளுங்கள், சிராப் தண்ணீருக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். மீதி தாப்பாவ், அதாவது பொட்டலம் கட்டிக் கொடுப்பது. விருந்தாளிகள் செருப்புப் போடும்போது டப்பா தேடாமல், பாயசம் பரிமாறும் நேரத்திலேயே கட்டி வையுங்கள், பேர் எழுதி. ஈப்போ வரை இரண்டு மூன்று மணி நேரம் திரும்பிப் போகிறவர்களுக்குக் குழம்பு கட்டாதீர்கள், முறுக்கும் அதிரசமும் போதும். தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கும் அத்தைக்கு மட்டனைத் திணிக்க வேண்டாம், அது செந்தூல் தம்பிகளுக்குப் போகட்டும்.